ஏலகிரிக்குப் போன மூக்கு

ஆம்பூரில் மற்ற வீடுகளில் பொழுது சாய்ந்ததும் தொலைக்காட்சி ஓடும். ராஜவேலு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மோந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாதனூர் பக்கத்துத் தொழிற்கூடத்திலிருந்து மகன் கார்முகிலன் வருவான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்த கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுப்பான். காகிதப் பட்டைகளின் நுனியை அதில் நனைத்து ஆளுக்கொன்றாக நீட்டுவான். அப்பா, அம்மா, கல்யாணமாகி மூன்று மாதம் ஆன மனைவி பூர்ணிமா. எதிர்வீட்டு மஹ்பூபி அந்த நேரம் பார்த்து உறைமோருக்கு வந்து நின்றால் அவளுக்கும் ஒன்று.

"அடேங்கப்பா! பலாப்பழத்த அறுத்து மூஞ்சிக்கு நேரா வச்ச மாதிரி இருக்குது. பத்துக்குப் பத்து" என்றார் ராஜவேலு. தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. எதற்கும் குறைத்து மார்க் போட்டுப் பழக்கமில்லாதவர்.

"கையில பிசுபிசுன்னு ஒட்டிக்குமோன்னு பயமா இருக்குடா முகிலா. எண்ணெய் தடவிக்கவா?" என்றாள் மாமியார் அம்சவேணி.

எல்லோரும் பூர்ணிமாவைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் பலாப்பழத்துக்கு நீதிபதி என்றால் அவள்தான். ஏலகிரி மலையில், வீட்டைச் சுற்றிப் பலா மரங்களாக நிற்கும் தோட்டத்தில் வளர்ந்தவள்.

பட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். முதல் மூச்சில் நிஜமாகவே பழம். நன்றாகப் பழுத்து, காம்பு தளர்ந்து, எறும்பு கண்டுபிடிப்பதற்கு ஒரு நாள் முன்னால் இருக்கிற பழம். அவளுக்கு வீட்டு ஞாபகமே வந்துவிட்டது. இரண்டாவது மூச்சை இழுத்தாள். பழத்துக்குப் பின்னால் வேறொன்று நின்றது. மழையில் நனைந்த ஷூவைக் காயவைக்காமல் பீரோவுக்குள் பூட்டி வைத்தால் வருமே, அது.

பூர்ணிமா நிமிர்ந்தாள். மஹ்பூபியோடு சேர்த்து நாலு ஜோடிக் கண்கள் காத்திருந்தன. அதில் ஒரு ஜோடி கணவனுடையது.

"சூப்பரா இருக்குது" என்றாள்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், சொன்னது சரிதான் என்றே பட்டது.

பொய் சொல்கிறவள் இல்லை பூர்ணிமா. பி.காம். முடித்து ஏலகிரியில் ஒரு ஓட்டலில் கணக்குப் பார்த்தவள். கணக்கில் வராததை முதலாளி முகத்துக்கு நேராகச் சொன்னவள். ஆனால் வாசனை விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே முடிவு செய்திருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

அந்த வாரம் மாமியாரோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது ஊர் எல்லையில் அந்தக் காற்று முகத்தில் அடித்தது. ஊறவைத்த தோலின் காற்று. யோசிக்காமல் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். அம்சவேணி அதைப் பார்த்தாள். இறங்கி நடக்கும்போதுதான், சண்டையில்லாத குரலில் சொன்னாள்: "இந்த வாசனதாம்மா முகிலன காலேஜுல படிக்க வச்சது."

அதோடு சரி. ஆனால் பூர்ணிமா அன்றிரவே, வாங்கி வந்திருந்த ஊதுபத்திப் பாக்கெட்டை அலமாரியின் அடியில் ஒளித்தாள். யார் எதைக் கேட்டாலும் "நல்லாருக்கு" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். சொல்லச் சொல்ல வீடும் நிஜமாகவே நல்லதாகத்தான் இருந்தது. மாமனார் சம்பள நாளில் அவளுக்கென்று தனியாக மக்கன் பேடா வாங்கி வந்தார். மாமியார் அவளை ஒரு நாளும் தனியாகச் சாப்பிட விட்டதில்லை. முகிலனோ, அவள் தும்மினால்கூட எந்தத் தூசியால் என்று ஆராய்கிற ரகம். இப்பேர்ப்பட்ட வீட்டில் ஒரு வாசனைக்காக மூஞ்சியைச் சுளிப்பதா?

முகிலனின் வேலை என்னவென்று அவளுக்கு ஓரளவு புரிந்திருந்தது. நசீர் அகமதுவின் கம்பெனி பல வருடங்களாக டேனரிகளுக்கு நொதி தயாரித்துக் கொடுத்துவந்தது. தோலில் ஒட்டிய கொழுப்பை உடைத்துக் கழற்றிவிடுகிற நொதி. அதே இனத்து நொதி ஒன்றைத் தண்ணீர் அதிகம் இல்லாத இடத்தில் வேலைக்கு விட்டால், உடைப்பதற்குப் பதிலாக ஒட்டவைக்கும். புளிக்கவைத்து எடுத்த ஒரு அமிலத்தையும், சர்க்கரை ஆலையில் சாராயம் வடித்தபின் மிஞ்சும் எண்ணெயிலிருந்து பிரித்த ஆல்கஹாலையும் சேர்த்து வைத்தால் பழ வாசனை பிறக்கும் என்று முகிலன்தான் நசீர் பாயிடம் போய் நின்றான். ரசாயன முறையில் செய்தால் இதே வாசனை மலிவு. ஆனால் இயற்கைப் பொருளிலிருந்து நொதி செய்து கொடுத்தால்தான் ஐஸ்கிரீம் டப்பாவில் "இயற்கை நறுமணம்" என்று போட முடியும். அந்த இரண்டு சொல்லுக்காகக் கம்பெனிகள் நல்ல விலை கொடுத்தன. நசீர் பாய் தனிக் கட்டடம், தனிப் பாத்திரங்கள் எல்லாம் போட்டுக் கொடுத்தார்.

"டேனரிக்குப் போற நொதி வேற, திங்கறதுக்குப் போற நொதி வேற. ரெண்டும் ஒரே வாசல்லகூட நுழையாது" என்று முகிலன் அம்மாவிடம் தினமும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தப் பலா வாசனை கோயம்புத்தூரில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனிக்குப் போனது. பத்து நாளில் பதிலும் வந்தது.

அன்று முகிலன் ஹெல்மெட்டோடு கூடத்தில் உட்கார்ந்தான்.

"இன்னாடா ஆச்சு?" என்றாள் அம்சவேணி.

"வேணாமாம்மா."

"வேணாமா? இன்னாத்துக்கு?"

"பழைய ஷூவுக்குள்ள பலாச்சுளைய வச்ச மாதிரி இருக்குதாம்."

வீடே கொதித்தது. "ஷூவா! ஷூ செய்ற ஊர்லேர்ந்து வருதுன்னதும் கிண்டல் பண்றானுங்க" என்றார் ராஜவேலு. "கோயமுத்தூர்ல பஞ்சு மில்லு ஜாஸ்தி. பஞ்சு போய் மூக்க அடச்சிருக்கும்."

"நாம எல்லாம் மோந்து பாத்தோமே! மஹ்பூபிகூட ரெண்டு வாட்டி கேட்டு வாங்கி மோந்தாளே!"

"கம்பெனியிலயும் எல்லாரும் பாத்தாச்சும்மா. தூபா, அஃப்ரோஸ், நசீர் பாய், எல்லாரும். ஒருத்தருக்கும் ஷூ வரல. கொரியர்ல குப்பி மாறிச்சோ இன்னாவோ தெரியல." முகிலன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அடுத்த வெள்ளிக்கெழம அந்தக் கம்பெனி மேடம் நேர்லயே வர்றாங்க. இதுதான் கடைசியாம். அதுவும் ஒத்து வரலேன்னா பழ வாசனை செக்சனையே மூடிட்டு, பாய் என்ன கான்பூர் போகச் சொல்றாரு."

"கான்பூரா!"

"அங்க டேனரிங்க ஜாஸ்தி. நொதி விக்க ஆள் வேணுமாம். ரெண்டு வருஷம். மொதல்ல தனியாத்தான் போவணும்."

அவன் அதைச் சொல்லும்போது பூர்ணிமாவைப் பார்க்கவில்லை. பூர்ணிமாவோ மூன்று மாதத்தில் அவனுடைய பைக் சத்தத்தைத் தெருமுனையிலேயே அடையாளம் தெரிந்துகொள்கிற அளவுக்கு வந்திருந்தாள். அந்தச் சத்தம் இல்லாத இரண்டு வருடம்.

சொல்லிவிடலாமா? சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்படி? 'எனக்கு வந்தது' என்றால், 'அப்புறம் ஏன் சூப்பர்னு சொன்னே' என்று வரும். அதற்குப் பின்னால், 'அப்படின்னா எங்க வீடு?' என்று வரும். சொல்ல வாயெடுத்தாள், மாமியார் மோர் டம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் வந்ததும், அதற்கு மறுநாள் என்று தள்ளிப்போட்டாள். அப்படி இருக்கையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று நடந்தது.

பால் வாங்கப் போயிருந்தாள். கடைக்குப் போகிற வழியில் ஒரு கால்வாய் உண்டு. தினமும் அதைத் தாண்டுகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாண்டிய பிறகுதான் விடுவாள். அன்று பாலை வாங்கித் திரும்பி, பாதித் தெரு வந்த பிறகுதான் உறைத்தது: மூச்சைப் பிடிக்க மறந்துவிட்டாள். திரும்பிப் போய்க் கால்வாய் ஓரத்தில் நின்று நன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெறும் காற்று. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "இன்னாம்மா, எதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

விழுந்துவிட்டதுதான். மூக்கு.

ஓடினாள். பால் தளும்பியது. அலமாரியில் முகிலன் வைத்திருந்த குப்பியை எடுத்துத் திறந்து பார்த்தாள். பழம் வந்தது. பின்னால் ஷூவும் வந்தது, ஆனால் மெலிந்து, எங்கோ நாலு தெரு தள்ளி. இன்னும் சில நாள் போனால் அதுவும் போய்விடும். பிறகு இந்த வீட்டில் நாலாவது ஆளாக அவளும் பத்துக்குப் பத்து போடுவாள். முகிலன் கான்பூருக்கு ரயிலேறுவான்.

மத்தியானம் பிரியாணி. ராஜவேலு எலும்போடு போராடிக்கொண்டிருந்தார். முகிலன் சோற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான்.

"புதுக் குப்பியில அதே சரக்கத்தான் குடுக்கப் போறேன்" என்றான். "சரக்குல ஒரு கொறையும் இல்ல."

"இருக்குது" என்றாள் பூர்ணிமா.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஷூ வாசன வருது. எனக்கு மொத நாளே வந்துச்சு. பழம் மொதல்ல வரும், ஷூ பின்னாடியே வரும்." சொல்லிவிட்டாள். மீதியும் தானாக வந்தது. "நான்தான் சூப்பர்னு சொன்னேன். தப்பு என்னுதுதான்."

ராஜவேலு எலும்பைத் தட்டில் வைத்தார். முகிலன் வாய் திறந்தபடி இருந்தான். பேசியது அம்சவேணிதான்.

"அப்போ நம்ம வீட்லயும் வருதா?"

அவள் பயந்த கேள்வி அதுதான். பூர்ணிமா தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வந்துச்சு அத்த. மாமா டேனரிலேர்ந்து வர்றப்போ வரும். மழ பேஞ்சா தெருவுல வரும். இப்போ கொஞ்ச நாளா கம்மியாயிடுச்சு."

அம்சவேணி எழுந்தாள். உள்ளே போகப் போகிறாள், கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தாள் பூர்ணிமா. அம்சவேணி பிரியாணிச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

"நான் காவேரிப்பாக்கத்துலேர்ந்து வந்தவ. ஏரிக் காத்துல வளந்தவ. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு மாசம் சாப்ட்டதெல்லாம் வாந்தி. மாமியா, ஊரெல்லாம் போயி மருமவ முழுவாம இருக்கான்னு சக்கர குடுத்துட்டு வந்துட்டாங்க."

ராஜவேலுவுக்கு இது புதுச் செய்தி. "ஏ, அது வயித்துக் கோளாறுன்னு சொன்னியே!"

"பின்ன உன் மூஞ்சப் பாத்து இன்னான்னு சொல்றது?" என்றாள் அம்சவேணி. "அப்புறம் ஒரு நாள் பாத்தா காணோம். எங்க போச்சுன்னே தெரியல. நான் என்னவோ ஊருதான் சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்." பூர்ணிமாவிடம் திரும்பினாள். "அன்னிக்கி பஸ்ஸுல நான் ஒரு வார்த்த சொன்னேன் இல்ல? அத மனசுல வச்சிக்கினுதான் இத்தன நாளு வாயத் தொறக்கலியா நீ?"

பூர்ணிமா தலையசைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. பிரியாணியின் காரம் என்று சமாளிக்கலாமா என்று யோசித்தாள். இனிமேல் சமாளிப்பதில்லை என்று விட்டுவிட்டாள்.

முகிலன் மட்டும் இதிலெல்லாம் இல்லை. கை கழுவாமலே எழுந்து குப்பியைக் கொண்டுவந்துவிட்டான். "பூர்ணி, ஷூ எப்போ வருது? பழம் போன பொறவா, கூடவேவா? ஈர ஷூவா, காஞ்ச ஷூவா?"

"டேய், அவள மொதல்ல சாப்ட வுடு!"

கை கழுவும் இடத்தில்தான் அவன் தனியாக மாட்டினான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றான் மெதுவாக. கோபம் இல்லை, ஆனால் எங்கேயோ பட்டிருந்தது. "எத கேட்டாலும் நல்லாருக்குன்ற. போன வாரம் நான் வச்ச சாம்பார்கூட நல்லாருக்குன்ன."

பூர்ணிமா அவனைப் பார்த்தாள். "அது கேவலம்."

"ரொம்பவா?"

"மஹ்பூபி அக்கா வீட்டு ஆடே திரும்பிப் பாக்கல."

அவன் சிரித்த சிரிப்பில் குழாயை மூட மறந்தான்.

தவறு எங்கே என்பது அன்று மாலைக்குள் பிடிபட்டது. அமிலம்தான் அந்த ஷூ. நொதி ஒட்டவைக்காமல் விட்டுவிட்ட மிச்ச அமிலம். கருவியில் வைத்துப் பார்த்தபோது வரைபடத்தில் கடுகு அளவு ஒரு மேடு காட்டியிருந்தது. மோந்து பார்த்த எல்லோரும் முழு மார்க் போட்டதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. சோடா உப்பு கரைத்த நீரில் அலசி எடுத்திருந்தால் போயிருக்கும். அலசினால் பழ வாசனையும் கொஞ்சம் குறையும் என்று அதையும் தவிர்த்திருந்தார்கள்.

"தூபாவோட அப்பா டேனரி. அஃப்ரோஸ் வீடு டேனரிக்குப் பின்னாடி. பாய் பொறந்ததே டேனரி காம்பவுண்டுல. நானும் எங்கப்பாவோட லுங்கியப் புடிச்சிக்கினு நடந்தவன்" என்று விரல் விட்டான் முகிலன். "பேருதான் இத்தன மூக்கு. பாத்தா எல்லாம் ஒரே மூக்கு. எங்களுக்கு இந்த வாசன இருக்குதுன்றதே தெரியாது."

"எனக்கும் தெரியாம போயிடும்" என்றாள் பூர்ணிமா. கால்வாய்க் கதையைச் சொன்னாள்.

முகிலன் வெளிறிப்போனான். உடனே நசீர் பாய்க்குப் போன் போட்டான். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீளமாக ஒரு "யா அல்லா" சொல்லிவிட்டு, ஒரே வரியில் முடித்தார்: "மொதல்ல அந்தப் பொண்ணோட மூக்க மலைக்கு அனுப்புப்பா."

திங்கட்கிழமை காலை பூர்ணிமா பெட்டியோடு ஏலகிரிக்குப் பஸ் ஏறினாள். பஸ் நகர்வதற்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது.

"அம்சா, மருமவ கோவிச்சிக்கினு போய்ட்டாளாமே! இன்னா சண்ட?" என்று மஹ்பூபி வந்து நின்றாள்.

"சண்டயெல்லாம் ஒண்ணுமில்ல. மூக்கு."

"மூக்குத்தியா? எத்தன பவுனுக்குக் கேட்டா?"

"மூக்குத்தி இல்லடி, மூக்கு! ரெஸ்ட்டுக்குப் போயிருக்குது!"

மஹ்பூபி நம்பவில்லை. அம்சவேணி அந்த வாரம் முழுக்கத் தெருவுக்கு நொதியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்க விளக்க, சண்டை பெரிய சண்டைதான் என்று தெரு முடிவு கட்டியது. தினம் சாயங்காலம் முகிலன் பைக்கில் மலைப் பக்கம் பறப்பதைப் பார்த்து, "பாவம், சமாதானத்துக்குப் போறான்" என்றது.

அவன் பறந்தது உண்மை. பகல் முழுக்கச் சரக்கைத் திருத்துவான். மாலையில் குப்பியைச் சட்டைப் பையில் வைத்து, பதினாலு கொண்டைஊசி வளைவும் ஏறி, மாமனார் வீட்டு வாசலில் வந்து நிற்பான். மலைக்காற்றில் முடி கலைந்து, மூக்கு நுனி சிவந்து நிற்கிற கணவனைப் பார்க்கப் பூர்ணிமாவுக்குச் சிரிப்பாக வரும். கல்யாணமானதும் தேனிலவுக்கு எங்கும் போக முடியவில்லை. முகிலனுக்கு லீவு இல்லை. இப்போது கம்பெனிச் செலவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு தினமும் வருகிறான்.

வந்தவனை நேராகக் கிட்டே விடமாட்டாள். "மொதல்ல குளிச்சிட்டு, எங்கப்பா சட்டையப் போட்டுக்குனு வாங்க. நீங்களே பாதி டேனரி." அவன் குளித்துவிட்டு, இரண்டு அளவு பெரிய சட்டையில் வந்து, பலா மரத்தடியில் உட்கார்ந்து பட்டையை நீட்டுவான்.

திங்கட்கிழமை: "ஷூதான். சாக்ஸோட."

"தண்ணிதான் பிரச்சின" என்று விளக்கினான். "இந்த நொதி கல்யாணத் தரகர் மாதிரி. அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேத்து வச்சிடும். ஆனா ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் ஒரு சொட்டு தண்ணி வரும். தண்ணி ஜாஸ்தியாச்சுன்னா அதே தரகர் சேத்து வச்ச ஜோடியப் பிரிச்சு வுட ஆரம்பிச்சிடுவாரு."

"எல்லா வீட்லயும் தண்ணிதான் பிரிச்சு வைக்கும்" என்றாள் உள்ளேயிருந்து பூர்ணிமாவின் அம்மா.

செவ்வாய்க்கிழமை: சோடாவில் நன்றாக அலசிக் கொண்டுவந்தான். பூர்ணிமா மோந்தாள். "ஷூ இல்ல."

"அப்பாடா!"

"பழமும் இல்ல. சோப்பு மட்டும்தான் இருக்குது."

அவன் தலையில் கை வைத்தான். அன்று நிஜமாகவே சோர்ந்துவிட்டான். "மூணு நாள்தான் இருக்குது பூர்ணி. கான்பூர்ல குளிரு ஜாஸ்தியாம். அம்மா ஸ்வெட்டர் எடுக்கணும்ன்றாங்க."

பூர்ணிமா அண்ணாந்து பார்த்தாள். மரத்தில் ஒரு பழம் வாசம் விட ஆரம்பித்திருந்தது. அப்பாவிடம் சொல்லி அதை இறக்கி, அறுத்து, ஒரு சுளையை அவன் கையில் வைத்தாள். "சாப்பிடாதீங்க. மோந்து பாருங்க. இதுல இருக்கற கூர்மை உங்க குப்பியில மொத நாள் இருந்துச்சு. அது அலசறப்போ போயிடுச்சு. ஷூவ வரவே வுடாம இருக்க முடியாதா? வந்தப்புறம் வெரட்டறதாலதான் பழமும் கூடவே ஓடுது."

முகிலன் சுளையைக் கையில் வைத்தபடியே அவளைப் பார்த்தான். பிறகு, "வேக்யூம்" என்றான்.

"இன்னாது?"

"தண்ணி வரவர உறிஞ்சிடணும். பாத்திரத்துல காத்த இழுத்து அழுத்தத்தக் கொறச்சா தண்ணி ஆவியா மேல போய்டும். தரகர் கடைசி வரைக்கும் சேத்து வச்சிக்கினே இருப்பாரு. மிச்சம் இருக்கறத லேசா ஒரு அலசு. ஒரே அலசு." சுளையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். "சாயங்காலம் சாப்ட வரமாட்டேன், நாளைக்கு வர்றேன்!" என்று கிளம்பிவிட்டான். சாயங்காலம் ஏற்கெனவே ஆகிவிட்டது என்பதைப் பூர்ணிமா கத்திச் சொன்னது அவன் காதில் விழவில்லை.

புதன்கிழமை அவன் கொண்டுவந்ததை மோந்துவிட்டு அவள் சொன்னாள்: "ஷூ இருக்குது. ஆனா மூடுன கடைக்குள்ள இருக்கற மாதிரி, லேசாத்தான்."

வியாழக்கிழமை, நாலு பட்டை கொண்டுவந்தான். முதல் மூன்றுக்கும் தலையாட்டிவிட்டாள். நாலாவதை மூக்கருகே வைத்தவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு மூச்சு. இன்னொன்று. முகிலன் பெரிய சட்டையின் நுனியைப் பிசைந்துகொண்டு நின்றான். பெரியவர்கள் இருவரும் சமையலறை வாசலில் நின்றார்கள்.

"இன்னா வருது?"

"பழம்" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறமும் பழம்."

அவன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். மாமனார் மாமியார் நிற்பது ஞாபகம் வந்து கீழே இறக்கியபோது, அவர்கள் இருவருமே ஒரே நேரத்தில் அடுப்பைப் பார்க்க உள்ளே போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பூர்ணிமாவையும் மாதனூருக்கு வரச் சொல்லியிருந்தார் நசீர் பாய். வழியில் மூக்கு கெடக் கூடாதென்று காரைக் கண்ணாடி ஏற்றியே அனுப்பினார். பழ வாசனைக் கட்டடத்தின் மேசையைச் சுற்றி முகிலன், தூபா, அஃப்ரோஸ் மூன்று பேரும் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல நின்றார்கள். கோயம்புத்தூர் மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர். வந்ததும் காபியைக்கூட வேண்டாமென்றுவிட்டார். மோந்து முடிக்கிற வரைக்கும் காபி குடிக்கமாட்டாராம். அதைக் கேட்டதும் பூர்ணிமாவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

மேடம் பட்டையை நனைத்தார். ஒரு தடவை இழுத்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். பட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறையில் யாரும் அசையவில்லை. நசீர் பாயின் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேடம் அதே பட்டையை எடுத்து, காய்ந்தபின் என்ன மிஞ்சுகிறது என்று மூன்றாவது தடவை மோந்தார்.

"போன தடவை வந்ததும் இதும் ஒரே எடத்துல செஞ்சதுங்களா?" என்றார்.

"ஆமா மேடம்" என்றான் முகிலன்.

"நம்பவே முடியலீங்க. அதுல ஷூ ஓடி ஓடி வந்துச்சு. இது சுளைங்க. மொதல்ல ஒரு மாசத்துக்கு உண்டான சரக்கு அனுப்புங்க. அப்புறம் மாம்பழம் ஒண்ணு பேசலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருங்க மோந்து பாத்தது? இது மெஷின் மட்டும் சொல்ற வேலை இல்லீங்களே."

எல்லா விரலும் ஒன்றாகப் பூர்ணிமாவை நோக்கி நீண்டன. மேடம் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார். "இப்ப அந்தக் காபியக் கொண்டாங்க" என்றார்.

மேடத்தின் கார் கிளம்பிப் போனதும் நசீர் பாய் வாசலிலேயே நின்று, "கான்பூருக்கு வேற ஆள பாத்துக்கறேன்" என்றார். முகிலன் பக்கத்திலிருந்த ட்ரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஆனா ஒரு பேஜார் இருக்குதும்மா" என்று பாய் பூர்ணிமாவிடம் திரும்பினார். "இனிமே ஒவ்வொரு வாசனைக்கும் உன் மூக்கு வேணும். சம்பளம் தர்றேன், நல்ல சம்பளம். நீ இங்கயே இருந்தா மூக்கு போய்டும். அதனால வேலைய ஏலகிரியிலேர்ந்தே பாரு. முகிலன் இங்க இருக்கட்டும்."

முகிலன் ட்ரம்மிலிருந்து எழுந்தான். கான்பூரிலிருந்து தப்பித்து ஏலகிரியில் மாட்டியவனின் முகம். பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஓட்டலில் கணக்குப் பார்த்த காலத்துப் பழைய குரல் தானாக வந்தது.

"முடியாது பாய்."

"ஏம்மா? சம்பளம் கம்மியா?"

"சம்பளம் அப்புறம் பேசலாம். மூக்கு ஒரு ஊர்ல, புருஷன் ஒரு ஊர்லன்னு வாழறதுக்கு நான் கல்யாணம் பண்ணிக்கல. ஒரு மூக்க நம்புனதாலதான் உங்களுக்கு இந்தக் கஷ்டமே வந்துச்சு. மலையில என்னோட படிச்ச பொண்ணுங்க எட்டு பேரு வேல இல்லாம இருக்காங்க. எல்லாம் நல்ல மூக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள் அங்க ஒரு ரூம் போட்டு மோந்து பாப்போம். அந்த ரெண்டு நாளும் முகிலனும் மேல வரணும், சரக்க வெளக்கறதுக்கு. மிச்ச நாள் நான் கீழ, என் வீட்ல."

நசீர் பாய் தாடியைத் தடவினார். "எட்டு பேருக்கும் சம்பளமா?"

"எட்டு பேருக்கும்."

"முகிலா, உன் வீட்ல யாரு பேசறது, நீயா இவங்களா?"

"இனிமே இவங்கதான் பாய்" என்றான் முகிலன், காதுவரை சிரித்துக்கொண்டு.

அன்று மாலை பூர்ணிமா பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, தெருவே வாசலில் நின்று சமாதானத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தது. அம்சவேணி எல்லாவற்றையும் உட்கார்ந்து முழுதாகக் கேட்டாள். மேடம் சொன்னது, காபி, எட்டு பேர், எல்லாவற்றையும். கேட்டு முடித்ததும் மருமகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒன்பதாவது மூக்குக்கு எடம் இருக்குதா?"

"யாருக்கு அத்த?"

"எனக்குத்தான். நாலஞ்சு நாளு மலையில இருந்தா என் மூக்கும் திரும்பிடுமான்னு பாக்கணும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி நல்ல மூக்கா இருந்துச்சு அது."

ராஜவேலு பதறிப்போனார். "அடியே, நீ மல ஏறிட்டா எனக்கு சோறு?"

அம்சவேணி அலமாரிமேல் இருந்த பையை எடுத்துத் தூசி தட்டத் தொடங்கியிருந்தாள்.

"அரிசி டப்பா உள்ளதான் இருக்குது" என்றாள். "மோந்து பாத்துக் கண்டுபுடி."